ஆறாம் எட்வர்ட்: 9 வயதில் முடி, 15 வயதில் சாவு. பையன் வெறும் பொம்மையா?

கருவூரான்:
டியூடர் வம்சம் என்றால் நம்மில் பலருக்கு எட்டாம் ஹென்றியும் அவர் கட்டிய 6 பேரும், அதைவிட்டால் நேராக எலிசபெத்தும்தான். நடுவில் 6 வருஷம் 5 மாசம் ஒரு சின்னப் பையன் பெயரில் இங்கிலாந்தை ஆண்டார்கள் என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் இந்த இழை.

1537 அக்டோபர் 12 அன்று ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பிறந்தான். பன்னிரண்டே நாளில் தாய் ஜேன் சீமோர் போய்ச் சேர்ந்தாள். ஒரு ஆண் வாரிசுக்காக ரோமோடு முறித்து, ஒருத்தியைத் தள்ளிவைத்து, இன்னொருத்தியின் தலையை வாங்கிய ஹென்றிக்குக் கடைசியில் கிடைத்த ஒரே பையன் இவன். 1547 ஜனவரி 28 ஹென்றி செத்தார். மூன்று நாள் சேதியை வெளியே விடவில்லை. அதற்குள் மூத்த தாய்மாமன் எட்வர்ட் சீமோர் ஹெர்ட்ஃபோர்டுக்குக் குதிரையேறிப் போய்ப் பையனைக் கூட்டிக்கொண்டு, என்ஃபீல்டில் அக்கா எலிசபெத் இருந்த இடத்தில் வைத்து இரண்டு பேருக்கும் ஒன்றாகச் சொன்னார். ஹென்றியின் உயிலில் 16 பேர் கூடி நிர்வாகம் செய்ய வேண்டும் என்றுதான் இருந்தது, தனியாக ஒரு காப்பாளர் என்ற பேச்சே கிடையாது. ஆனால் சில நாளிலேயே சீமோர் நாட்டின் காப்பாளர், கூடவே சாமர்செட் டியூக் பட்டம் வேறு.

பிப்ரவரி 20 முடிசூட்டு விழா. பையனுக்குச் சின்ன வயசு, களைத்துவிடுவான் என்று சடங்கையே சுருக்கினார்கள். முந்தின நாள் ஊர்வலத்தில் செயின்ட் பால்ஸ் கோபுரத்திலிருந்து கட்டிய கயிற்றில் ஒரு வித்தைக்காரன் சறுக்கி வந்து வேடிக்கை காட்ட, ராஜா நகர மாட்டேன் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம்.

இந்த வயசுப் பையன் என்ன ஆண்டிருக்க முடியும்? முதலில் சாமர்செட், அப்புறம் அவரைத் தள்ளிவிட்டு வந்த பிரபு ஜான் டட்லி. கையெழுத்து மட்டும் பையனுடையது. என் கட்சி: பொம்மை. மாற்றுக்கருத்து இருந்தால் ஆதாரத்தோடு வாருங்கள்.

ஏட்டுச்சுவடி:
வந்துவிட்டேன். பொம்மை நாட்குறிப்பு எழுதாது அண்ணே.

எட்வர்ட் தன் கைப்பட எழுதிய குறிப்பேடு இன்னும் இருக்கிறது, பிரிட்டிஷ் நூலகத்தில். ஆரம்பத்தில் தன்னையே 'அரசர்' என்று படர்க்கையில் சொல்லிக்கொண்டு நடந்ததைத் தொகுத்து எழுதுகிறான், 1550லிருந்து நாள்வாரியாகப் போகிறது, 1552 நவம்பரில் நின்றுவிடுகிறது. அரசியல், படை, கடன், தூதர் வருகை எல்லாம் உண்டு. உணர்ச்சி மட்டும் தேடினாலும் கிடைக்காது.

உதாரணத்துக்கு 1550 ஜூன். சாமர்செட்டுக்கும் டட்லிக்கும் உள்ளுக்குள் ஆகவே ஆகாது. சமாதானம் காட்டுவதற்காக சாமர்செட் மகளை டட்லியின் மூத்த மகனுக்குக் கட்டிவைத்தார்கள். மறுநாள் டட்லியின் இன்னொரு மகன் ராபர்ட்டுக்கும் ஏமி ராப்சார்ட்டுக்கும் கல்யாணம். அந்தக் கல்யாணத்தைப் பற்றி ராஜா எழுதியது என்ன தெரியுமா? இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு வாத்தை உயிரோடு கட்டித் தொங்கவிட்டு, யார் முதலில் அதன் தலையைப் பிய்ப்பது என்று சில கனவான்கள் போட்டி போட்டார்கள் என்று. மணப்பெண்ணைப் பற்றி வேறு ஒரு வார்த்தை இல்லை. 12 வயசுப் பையன் கண்ணுக்கு வாத்துதான் பட்டிருக்கிறது.

அதே கைதான் 1552 ஜனவரி 22 அன்று, சாமர்செட் டியூக்கின் தலை டவர் குன்றில் காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் வெட்டப்பட்டது என்று எழுதுகிறது. அவ்வளவுதான். அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான்.

வெள்ளந்தி:
அடப்பாவி, சொந்தத் தாய்மாமன்! நம்ம ஊரில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். இவன் மாமன் தலை போனதுக்கு நேரம் குறித்து வைக்கிறான்.

ஏட்டுச்சுவடி:
வெள்ளந்தி, ஒரு மாமன் இல்லை, இரண்டு மாமன். இளையவர் தாமஸ் சீமோர் கதையையும் கேளுங்கள், அப்புறம் பையனைத் திட்டலாம்.

சாமர்செட் பையனைக் கையில் காசில்லாமல் வைத்திருந்தார். வேலைக்காரர்களுக்கு, பாட்டுக்காரர்களுக்கு இனாம் கொடுக்கக்கூட இல்லை. நாட்டுக்கே ராஜா, பை காலி. தாமஸ் இதைப் பிடித்துக்கொண்டார். ஃபௌலர் என்ற அரண்மனைப் பணியாள் மூலம் திருட்டுத்தனமாகக் காசு அனுப்பினார். பையனும் துண்டுச் சீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறான். இதற்கிடையில் தாமஸ் ஹென்றியின் விதவை கேத்தரின் பாரைக் கமுக்கமாகக் கல்யாணம் செய்துகொண்டு, அதற்குப் பையனின் சம்மதத்தையும் எழுதி வாங்கிவிட்டார். 1548 செப்டம்பரில் கேத்தரின் பிள்ளை பெற்றுச் செத்ததும் எலிசபெத் பக்கம் கண் போனது.

1549 ஜனவரியில் ஒரு ராத்திரி ஹாம்ப்டன் கோர்ட்டில் பையனின் படுக்கையறைப் பக்கம் தாமஸ் நுழைய, வாசலில் இருந்த ராஜாவின் ஸ்பானியல் நாய் குரைக்க, அதைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். காவலர்கள் ஓடிவந்தார்கள். மார்ச் 20 தாமஸின் தலை போனது, அந்த ஆணையில் அண்ணன் சாமர்செட்டே கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாமன் காசு கொடுத்து வளைத்தார், இன்னொரு மாமன் காசைப் பூட்டி வைத்தார், தம்பி தலையை அண்ணன் வாங்கினார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையனிடம் ஒப்பாரி எதிர்பார்க்க முடியுமா?

தெற்குவாசல்:
எல்லோரும் அரண்மனைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே என்ன நடந்தது என்று ஒருத்தராவது சொல்லுங்களேன்.

1547 செப்டம்பரில் பிங்கி போரில் ஸ்காட்லாந்துக்காரர்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். எதற்கு? அவர்களுடைய குழந்தை ராணி மேரியை எட்வர்டுக்குக் கட்டிவைக்க. பெண் கேட்கிற லட்சணம் அது. அவர்கள் மறுவருஷமே அந்தக் குழந்தையைக் கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள், போச்சு.

அடுத்து 1549. ஆங்கிலத்தில் புதிய பிரார்த்தனைப் புத்தகம், எல்லாத் தேவாலயத்திலும் இதுதான் என்று சட்டம். டெவன் மாவட்டத்தில் சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னி கிராமத்து மக்கள் பழைய பூசையையே செய்யச் சொல்லிப் பாதிரியாரைக் கட்டாயப்படுத்த, அங்கிருந்து தீ பரவி எக்ஸிடர் நகரையே முற்றுகை போட்டார்கள். கார்ன்வால்காரர்கள் அனுப்பிய கோரிக்கையைப் பாருங்கள்: எங்களில் பலருக்கு ஆங்கிலமே தெரியாது, இந்தப் புது வழிபாடு கிறிஸ்துமஸ் கூத்து மாதிரி இருக்கிறது என்கிறார்கள். ஜெர்மன், இத்தாலியக் கூலிப்படைகளையும் சேர்த்துக்கொண்டு அடக்கினார்கள்.

அதே கோடையில் நார்ஃபோக்கில் ராபர்ட் கெட். பொதுமேய்ச்சல் நிலத்தைப் பெரிய கைகள் வேலிபோட்டு வளைத்துக்கொண்டதுதான் காரணம். நாரிச் நகருக்கு வெளியே மௌஸ்ஹோல்ட் மேட்டில் 16,000 பேர்வரை கூடினார்கள், ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்து நியாயம் வழங்கினார்கள். அவர்கள் கோரிக்கையில் ஒன்று: பண்ணையடிமைகள் எல்லோரையும் விடுவிக்க வேண்டும். ஜான் டட்லி படையோடு வந்து முடித்துவைத்தார், கெட்டை நாரிச் கோட்டை மதிலில் தொங்கவிட்டார்கள்.

இன்னொன்று. 1547இல் ஒரு சட்டம் போட்டார்கள்: வேலை செய்யாமல் திரிகிறவனைப் பிடித்து மார்பில் சூடு போட்டு 2 வருஷம் அடிமையாக வைத்துக்கொள்ளலாம். நடைமுறைக்கு ஒத்துவராமல் கொஞ்ச காலத்தில் ரத்து செய்தார்கள். 'ஏழைகளின் காவலர்' என்று சாமர்செட்டைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. பையன் பொம்மையா இல்லையா என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

சில்லறைக்காசு:
தெற்குவாசல் சார், வேலியை விடுங்கள், விலைவாசியைப் பாருங்கள். ஹென்றி காலத்தில் 1544லிருந்து வெள்ளிக்காசில் செம்பைக் கலந்து போர்ச்செலவை ஓட்டினார்கள். மேல்பூச்சு தேய்ந்தால் காசில் ராஜாவின் மூக்கு சிவப்பாகத் தெரியும் என்று ஹென்றிக்குக் கேலிப்பெயரே வைத்தார்கள். எட்வர்ட் காலத்திலும் அதே கூத்து தொடர்ந்து, 1551இல் கால்பங்கு மட்டும் வெள்ளி உள்ள காசுவரை போனது. அதே வருஷம் 12 பென்னி மதிப்புள்ள ஷில்லிங்கை முதலில் 9 பென்னிக்கு, அடுத்து 6 பென்னிக்கு இறக்கினார்கள். கையில் காசு வைத்திருந்தவன் மதிப்பு ஒரே கோடையில் பாதி. நமக்குத் தெரியாத வலியா!

ஆனால் அதே 1551இல்தான் நல்ல வெள்ளியில் புதிய கிரௌன் நாணயம் வந்தது. ராஜா குதிரைமேல் இருப்பார், கீழே 1551 என்று இப்போது நாம் எழுதுகிற எண்களிலேயே ஆண்டு பொறித்திருக்கும். இங்கிலாந்துக் காசில் அது புதுசு. படத்தில் பார்த்தாலே குதிரையின் அலங்காரத் துணி மடிப்புவரை தெரியும். சேகரிப்பவர்கள் உயிரை விடுவார்கள்.

கருவூரான்:
எல்லாம் சரி, நான் கேட்டதற்கு இதில் எங்கே பதில்? கலகத்தை அடக்கியது டட்லி, காசைக் கெடுத்தது மந்திரிசபை, நாயைச் சுட்டது மாமன். பையன் எதைச் செய்தான்?

1549 அக்டோபரில் சாமர்செட்டுக்கு எதிராக மற்ற பிரபுக்கள் கிளம்பியபோது, அவர் ராத்திரியோடு ராத்திரியாகப் பையனை ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து வின்சர் கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே பையன், "சிறையில் இருப்பதுபோல் இருக்கிறது, உலாவ ஒரு தோட்டம்கூட இல்லை" என்று புலம்பியிருக்கிறான். பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல ராஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பொம்மை என்று வேறு எப்படிச் சொல்வது?

ஏட்டுச்சுவடி:
அது 1549, அப்போது 12 வயசுகூட முடியவில்லை. நீங்கள் 15 வயசுவரை அப்படியே என்கிறீர்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. மதம் என்று வந்தால் அவனை யாரும் முடுக்கிவிட வேண்டியதில்லை. ஜான் சீக், ரிச்சர்ட் காக்ஸ் ஆகியோர் லத்தீன், கிரேக்கம் என்று வாட்டி எடுத்து வளர்த்த பிள்ளை, பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கிற ரகம். 1550இல் ஜான் ஹூப்பர் ஆயராகப் போகிறார், உறுதிமொழியில் புனிதர்கள் பெயரால் என்று இருப்பது தப்பு என்று அவர் சொல்ல, எட்வர்ட் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டான்.

அக்கா மேரி விவகாரமும் அப்படித்தான். வீட்டில் கத்தோலிக்கப் பூசை நடத்துவதை மேரி விடவில்லை. 1550 கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எல்லோர் முன்னாலும் தம்பி கண்டிக்க, மேரி அழ, மேரி அழுவதைப் பார்த்து இவனும் அழுதான். ஆனால் முடிவை மாற்றவில்லை. மறு மார்ச்சில் மேரி பெரிய பரிவாரத்தோடு, ஆளுக்கொரு ஜெபமாலையை வெளியே தெரியத் தொங்கவிட்டு லண்டனுக்குள் வந்தாள். மேரியின் தாய்வழி உறவினரான பேரரசர் ஐந்தாம் சார்லஸ் போர் என்று மிரட்டியதும் மந்திரிகளே கொஞ்சம் விட்டுப்பிடிக்கச் சொன்னார்கள். ஒத்துக்கொள்ளாமல் முறைத்தது பையன்தான்.

தெற்குவாசல்:
அதையும் புண்ணியக் கணக்கில் எழுதாதீர்கள். 1550 மே மாதம் ஜோன் போச்சர் என்ற பெண்ணை வேதவிரோதம் என்று உயிரோடு எரித்தார்கள். பையன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அழுதான், பேராயர் கிரான்மர் வற்புறுத்தினார் என்று பிற்காலத்தில் ஒரு கதை கட்டினார்கள். அவன் குறிப்பேட்டில் அழுகையும் இல்லை, தயக்கமும் இல்லை. எரித்தார்கள், கடைசிவரை பிடிவாதமாக இருந்தாள், பாதிரியாரையே திட்டினாள் என்கிற தொனிதான்.

பாண்டியன்கொல்லை:
கனமாகப் போகிறது, நடுவில் ஒரு ஜாதகம். 1552 இலையுதிர்காலத்தில் இத்தாலிய மருத்துவர், கணித மேதை கார்டானோ லண்டன் வந்தார். ஸ்காட்லாந்துப் பேராயர் ஹாமில்டனின் ஆஸ்துமாவுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி. எட்வர்டோடு பேசிப் பார்த்து அசந்துபோனார், பையனின் அறிவைப் பற்றி நல்லபடி எழுதியும் வைத்தார். அதோடு ஜாதகமும் கணித்தார்: ஐம்பது வயசைத் தாண்டி வாழ்வான் என்று. பையன் போனது மறு ஜூலையில். கார்டானோ சும்மா இருந்தாரா என்றால் இல்லை, ஏன் தப்பியது என்று விளக்கம் எழுதி அதையும் சேர்த்து அச்சிட்டார். ஜோசியர் எந்த ஊரானாலும் ஜோசியர்தான்.

மாத்திரைச்சீட்டு:
மருத்துவப் பக்கம் நான் சொல்கிறேன். சின்ன வயசிலிருந்தே நோஞ்சான் என்ற பேச்சு சரியில்லை. குதிரை ஏறுவான், அம்பு விடுவான், வேட்டைக்குப் போவான். 1552 ஏப்ரலில் தட்டம்மையும் பெரியம்மையும் வந்ததாக அவனே எழுதியிருக்கிறான், எழுந்துவிட்டான், அந்தக் கோடையில் தெற்கே ஊர் ஊராகச் சுற்றினான். அம்மை வந்தால் உடம்பில் ஏற்கெனவே அடங்கிக் கிடந்த காசநோய்க்கு எதிர்ப்பு குறையும், இது இன்றைக்கும் நாங்கள் பார்ப்பதுதான். அதனால் காசம் என்பவர்கள் உண்டு, தொற்று முற்றிய நுரையீரல் அழற்சி என்பவர்களும் உண்டு.

1553 தொடக்கத்தில் சளி, காய்ச்சல். மார்ச்சில் நாடாளுமன்றத்தையே வைட்ஹால் அரண்மனைக்கு வரவழைத்துத் திறந்துவைக்க வேண்டிய நிலை. ஏப்ரலில் கிரீன்விச்சுக்குப் போனான். அந்த நாட்களில் பேரரசரின் தூதர் எழுதிய கடிதத்தில், வாயிலிருந்து வருவது சில சமயம் பச்சை மஞ்சளும் கறுப்புமாக, சில சமயம் ரத்த நிறத்தில் என்று இருக்கிறது. கால் வீக்கம் வேறு. மே மாதம் வில்லோபி, சான்சலர் என்ற கடலோடிகள் வடகிழக்கு வழியாகச் சீனம் போக 3 கப்பலில் கிளம்பி கிரீன்விச் அரண்மனையைத் தாண்டுகையில் பீரங்கி முழக்கினார்கள். அரண்மனை ஆட்கள் எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள், ராஜாவால் மட்டும் எழுந்து வர முடியவில்லை. பயணத்துக்குக் கடிதம் கொடுத்தது அவன்தான். சான்சலர் சீனம் போகாமல் மாஸ்கோவில் இவான் ராஜாவிடம் போய்ச் சேர்ந்தது வேறு கதை.

ஜூலை 6 சாயங்காலம் உயிர் போனது. உடம்பை அறுத்துப் பார்த்தவர்கள் நுரையீரல் நோய் என்றார்கள். டட்லி விஷம் வைத்தார் என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை, டட்லிக்குப் பையன் இன்னும் 10 வருஷம் உயிரோடு இருந்திருந்தால்தான் லாபம்.

வெள்ளந்தி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கூட விளையாடிய பிள்ளைகள் யாருமே இல்லையா?

மாத்திரைச்சீட்டு:
இருந்தார்கள். பார்னபி ஃபிட்ஸ்பேட்ரிக் என்று ஒரு அயர்லாந்துப் பையன் ரொம்ப நெருக்கம், பிரான்சுக்குப் போனபோது இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கூடப் படித்த பிராண்டன் சகோதரர்கள் இருவர், சஃபோக் டியூக் குடும்பம். 1551 ஜூலையில் வியர்வைக் காய்ச்சலில் ஒரே நாளில் இருவரும் போனார்கள். அண்ணன் போய், பட்டம் தம்பிக்கு வந்து, சற்று நேரத்தில் தம்பியும் போனான்.

வக்கீல்குமாஸ்தா:
கருவூரான் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒரே ஒரு தாளில் இருக்கிறது. வாரிசுரிமை பற்றி எட்வர்ட் தன் கையால் எழுதிய வரைவு, லண்டனில் இன்னர் டெம்பிள் நூலகத்தில்.

அதில் மேரியும் இல்லை, எலிசபெத்தும் இல்லை. அப்பா இருவர் தாயோடும் செய்த கல்யாணம் செல்லாது, அந்நியனைக் கட்டி நாட்டைக் கொடுத்துவிடுவார்கள் என்பது வாதம். முதல் வடிவத்தில் பெண் எவளுக்கும் முடி கிடையாது: அத்தை மகள் ஃபிரான்சஸுக்குப் பிறக்கும் ஆண்பிள்ளை, இல்லையென்றால் ஃபிரான்சஸின் மூத்த மகள் ஜேன் கிரேவுக்குப் பிறக்கும் ஆண்பிள்ளை என்று போகிறது. சிக்கல், அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளையும் பிறந்திருக்கவில்லை. நாள் நெருங்க நெருங்க 'ஜேனின் ஆண் வாரிசுகளுக்கு' என்று இருந்ததில் ஒரு எழுத்தை அடித்து, மேலே சின்னதாக இடைச்செருகி, 'ஜேனுக்கும் அவள் ஆண் வாரிசுகளுக்கும்' என்று ஆக்கியிருக்கிறான். ஜேன் 1553 மே 25 அன்றுதான் டட்லியின் மகன் கில்ஃபோர்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

ஜூன் 12 நீதிபதிகளைக் கூப்பிட்டு இதைச் சட்டப்படி எழுதச் சொன்னான். தலைமை நீதிபதி மான்டேகு மறுத்தார். காரணம் சுத்தமான சட்டம்: ஹென்றி காலத்து வாரிசுச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது, அதை ராஜா ஒரு காகிதத்தில் மாற்ற முடியாது, மாற்ற முயல்வதே ராஜத்துரோகம். டட்லி கோபத்தில் நடுங்கி, இந்த வழக்குக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பேன் என்று கத்தினார். மூன்று நாள் கழித்துப் படுத்த படுக்கையாக இருந்த பையனே கடுமையான முகத்தோடு உத்தரவு போட்டான். மான்டேகு எழுத்தில் ஆணையும் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுதினார். ஜூன் 21 தேதியிட்ட அந்த ஆவணத்தில் 100 பேருக்கு மேல் கையெழுத்து.

கருவூரான்:
இங்கேதான் நான் பிடிப்பேன். பையன் கடுமையாக உத்தரவிட்டான் என்பது யார் வாக்குமூலம்? மான்டேகுவே மேரி ஜெயித்த பிறகு, தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது. 'ராஜா கட்டளையிட்டார், நான் என்ன செய்வேன்' என்றுதானே எழுதுவார்? இடைச்செருகல் பையன் கையெழுத்து என்பதில் தகராறு இல்லை. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது யார்? மருமகள் அரியணை ஏறினால் யாருக்கு லாபம்?

ஏட்டுச்சுவடி:
லாபம் டட்லிக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அக்காக்களை ஒதுக்குவது டட்லி சொல்லித்தான் அவனுக்குத் தோன்ற வேண்டுமா? மூன்று வருஷமாக மேரியோடு பூசைக்காகச் சண்டை போட்டவன் அவன். டட்லி இல்லாவிட்டாலும் மேரியை ஒதுக்கியிருப்பான் என்பது என் எண்ணம். ஜேன் என்ற பெயர் வேண்டுமானால் டட்லியுடையதாக இருக்கட்டும். அதே ஜூன் 26 அன்று, சாக 10 நாள் முன்னால், லண்டனில் அநாதைப் பிள்ளைகளுக்கான கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளிக்குச் சாசனம் கொடுத்திருக்கிறான். நியூகேட் பக்கத்தில் பழைய மடத்துக் கட்டிடம்.

தெற்குவாசல்:
அந்த மடத்தைப் பிடுங்கியது அவன் அப்பா, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் அவன் பெயரில் இருக்கிற பள்ளிகளில் பலவும், இறந்தவர்களுக்குப் பூசை செய்ய விட்டுப்போன அறக்கட்டளைச் சொத்தைப் பிடுங்கிய காசில் ஒரு துளிதான்.

தேம்ஸ்கரை:
லண்டனில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியிடம் 1546இல் ஸ்க்ராட்ஸ் வரைந்த எட்வர்ட் படம் ஒன்று உண்டு. நேரே நின்று பார்த்தால் தலை பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி கோரமாக இருக்கும், ஓரத்தில் போய்க் கன்னத்தைச் சுவரோடு ஒட்டிப் பார்த்தால் அழகான பையன். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் தாத்தா ஏழாம் ஹென்றி கட்டிய சிற்றாலயத்தில் புதைத்தார்கள். அடையாளக் கல்கூட இல்லாமல் கிடந்து, 1966இல்தான் மேலே சொன்ன கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்காரர்கள் ஒரு கல் வைத்தார்கள்.

வெள்ளந்தி:
அந்த நீதிபதிகள் என்ன ஆனார்கள்? மேரி விட்டாளா?

வக்கீல்குமாஸ்தா:
ஜேனை ஜூலை 10 ராணி என்று அறிவித்தார்கள், 19ஆம் தேதியே லண்டன் மேரி பக்கம் சாய்ந்துவிட்டது. டட்லி தலை ஆகஸ்டில் போனது. மான்டேகுவை லண்டன் டவர் சிறையில் போட்டு, அபராதம் தீட்டி, பதவியைப் பிடுங்கி விட்டார்கள், உயிர் தப்பியது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதி. எவ்வளவு மிரட்டியும் அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போடாதவர். மேரிக்கு அவர்மேல் நன்றிதானே இருந்திருக்க வேண்டும்? மேரி பட்டத்துக்கு வந்த உடனே, இன்னும் ரத்தாகாத எட்வர்ட் காலத்துச் சட்டப்படி கென்ட் மாவட்டத்தில் பூசை வைத்தவர்கள்மேல் நடவடிக்கை எடுத்தார் என்று அவரையே சிறையில் போட்டார்கள். உள்ளே பேனாக்கத்தியால் தன்னையே குத்திக்கொண்டார், பிழைத்தார், வெளியே வந்து 1554இல் கான்டர்பரி பக்கம் ஆழமில்லாத ஆற்றில் விழுந்து செத்தார். தற்கொலை குற்றம் என்பதால் சொத்து அரசுக்குப் போனது, அவர் மனைவி ஒரு நிலக்குத்தகைக்காக வழக்குப் போட்டுத் தோற்றார். சாகிற செயலைச் செய்தது உயிரோடு இருந்த ஹேல்ஸா, செத்த ஹேல்ஸா என்று வக்கீல்கள் அதில் வாதாடியது தனிக் கூத்து. அதைத் தனி இழையாகப் போடுகிறேன், இங்கே இழுத்தால் கருவூரான் அடிக்க வருவார்.